சனிக்கிழமை ரூமும் அட்மின் துரைசாமியும்

எனக்கு அதிகாரம் என்று ஒன்று வந்தது ஐம்பத்து நான்காவது வயதில். வந்த வேகத்தில் போயும்விட்டது. நடுவில் நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். என் மனைவி வைதேகி மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள். அவள் திரும்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

எனக்குத் துறைமுகத்தில் வேலை. எந்தக் கண்டெய்னரை எந்தக் கப்பலில் எங்கே அடுக்குவது என்று திட்டம் போடுகிறவன். நான் ஒரு பட்டனை அழுத்தினால் நாற்பது அடிப் பெட்டி ஆகாயத்தில் நகரும். வீட்டில் டீவி ரிமோட்டைக்கூட என்னால் நகர்த்த முடியாது. துறையில் நான் துரை. வீட்டில் துரையும் இல்லை, சாமியும் இல்லை, வெறும் ‘ஏங்க’.

பாசிர் ரிஸ்ஸில் எங்கள் காண்டோ, அதாவது தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பு. சின்னக் காண்டோதான். நீச்சல் குளம் இருக்கிறது, யாரும் நீந்துவதில்லை. ஃபங்ஷன் ரூம் ஒன்றே ஒன்று இருக்கிறது, அதற்கு எல்லாரும் அடித்துக்கொள்கிறார்கள். யார் எந்த நாள் எடுப்பது என்பதற்கு ஃபோனில் ஒரு பொதுக் கேலண்டர் உண்டு. ஆண்டுக் கூட்டத்தில் குடியிருப்போர் கவுன்சில் தலைவி மிசஸ் லிம் எழுந்து, “இந்தக் கேலண்டரைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்” என்றார். உடனே கூட்டத்தில் பாதிப் பேர் தரையில் எதையோ தேட ஆரம்பித்தார்கள். மீதிப் பேர் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டார்கள். நான் கையைத் தூக்கினேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வைதேகி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கை இறங்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் இழுத்து நான் இறங்காத ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தாள்.

“எதுக்குங்க உங்களுக்கு இந்த வேலை?”

“பொதுச்சேவை.”

“என் பிறந்தநாளே உங்களுக்கு ஞாபகம் இருக்காது. உங்ககிட்டப் போய்க் கேலண்டரக் குடுத்திருக்காங்களே!”

“ஞாபகம் வேற, அதிகாரம் வேற. நான் இப்ப அட்மின்.”

“அட்மின்னா?”

“அந்த ரூம யாரு புக் பண்ணியிருந்தாலும் நான் தூக்கலாம்.”

“முதல்ல அந்தத் துணி பக்கெட்டத் தூக்கிட்டு வாங்க.”

தூக்கினேன். ஆனாலும் மனசுக்குள் ஒரு கம்பீரம். கேலண்டரில் மூன்று படி உண்டு. வாடகைக்கு இருப்பவர்கள் பார்க்கலாம், தொடக்கூடாது. சொந்த வீட்டுக்காரர்கள் மாதத்துக்கு ஒரு தடவை ரூமைப் புக் செய்யலாம். அட்மின் மட்டும் அடுத்தவர் புக்கிங்கை நகர்த்தலாம், நீக்கலாம், பழுது என்று சொல்லி ரூமையே மூடலாம். மூன்றாம் படியில் நான் ஒருவன்தான். எனக்கு மேலே மிசஸ் லிம். அவருக்கு மேலே மொட்டை மாடி.

ஒரு புதன்கிழமை சாயந்தரம் வேலை முடிந்து வருகிறேன். லிஃப்ட் வாசலில் ரவூப் நின்றுகொண்டிருந்தான். தேக்காவில் துணிக்கடை வைத்திருக்கிறான். பிடோக்கில் அடுக்குமாடி வீட்டில் இருந்த காலத்திலிருந்து அடுத்தடுத்த வாசல் எங்களுக்கு. சேர்ந்தேதான் இந்தக் காண்டோவுக்கு வந்தோம். அவன் மகள் அனம் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு என் காரில்தான் போனார்கள். அந்த அனமுக்கு வருகிற சனிக்கிழமை நிக்காஹ். பெண்ணைப் பெற்றவன் முகம் சுண்ணாம்பு அடித்தது மாதிரி இருந்தது.

“துரை, போச்சு!”

“என்ன போச்சு?”

“விருந்து மண்டபம் போச்சு. மேல்மாடியில குழாய் வெடிச்சு உள்ள முழங்கால் அளவு தண்ணியாம். இப்பத்தான் ஃபோன் பண்ணிச் சொல்றாங்க.”

“நிக்காஹ் பள்ளிவாசல்லதானே?”

“நிக்காஹ் பள்ளிவாசல்ல. மாப்பிள்ளை வீட்டுக்காரங்கள எங்க உக்கார வச்சுச் சோறு போடறது? இந்த லிஃப்ட்லயா?”

“ஏன், நம்ம ஃபங்ஷன் ரூம் என்னாச்சு?”

“இந்த நேரத்துல கிடைக்குமாப்பா?”

“நான் யாரு?”

“துரை.”

“இல்ல.”

ரவூப் பயந்துபோய் என்னைப் பார்த்தான்.

“அட்மின்!” என்றேன். “சனிக்கிழமை ரூம் உன்னோடது. போய்ப் பிரியாணிக்குச் சொல்லு.”

அவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கியது. லிஃப்ட் வந்தது. என்னை முதலில் ஏறச் சொன்னான். அத்தனை மரியாதை.

வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னாலேயே கேலண்டரைத் திறந்தேன். சனிக்கிழமைக் கட்டத்தில் பட்டை சிவப்பாக இருந்தது. யாரோ எடுத்துவிட்டார்கள். பரவாயில்லை, தூக்கிவிடலாம். யார் என்று அழுத்திப் பார்த்தேன்.

ஏழாம் மாடி, மூன்றாம் எண்.

எங்கேயோ பார்த்த எண் மாதிரி இருந்தது. நிமிர்ந்தேன். என் கண் முன்னால் கதவில் ஒட்டியிருந்தது. புக் செய்தவர்: வைதேகி துரைசாமி.

எதற்கு என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. வைதேகியின் அக்கா சரசு செங்காங்கில் இருக்கிறாள். இந்தியா போய்ப் பெட்டி பெட்டியாகப் பட்டுச்சேலை வாங்கி வந்திருந்தாள். “எங்கயாச்சும் ஒரு ரூம் பிடிச்சுப் பரப்பிப் போட்டா ஒரே நாள்ல வித்துரும்டி” என்று போன வாரம் ஃபோனில் சொன்னது ஹாலைத் தாண்டி எனக்குக் கேட்டது. சரசு பேசினால் ஸ்பீக்கர் தேவையில்லை.

ஒரு பக்கம் சேலை விற்பனை. இன்னொரு பக்கம் அனம் கல்யாண விருந்து. எது பெரிசு என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. வைதேகியிடம் நேரே போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் என்ன சொல்வாள் தெரியுமா? ‘என்னைக் கேக்காம எதுக்கு வாக்குக் குடுத்தீங்க?’ அந்தக் கேள்விக்கு இத்தனை வருஷத்தில் என்னிடம் பதில் இருந்ததில்லை.

சாப்பாட்டு மேசையில் ஆழம் பார்த்தேன்.

“சனிக்கிழமை ஏதாச்சும் ப்ரோக்ராமா?”

“ஆமா. அன்னைக்கு மதியம் வீட்ல சமையல் கிடையாது. எல்லாம் கீழ ரூம்லதான்.”

“எல்லாம்னா?”

“எல்லாம்தான். உங்க நீலச் சட்டைய எடுத்து வைக்கிறேன். காலைலயே வந்து மேசை நாற்காலி இழுத்துப் போடணும்.”

சேலையை விரிக்க மேசை. வாங்குகிறவர்களுக்கு நாற்காலி. வாசலில் நீலச் சட்டையில் நான். படமே ஓடிவிட்டது எனக்கு.

சாப்பிட்டு முடிப்பதற்குள் ரவூப் கூப்பிட்டான். “துரை, ரூம் உறுதியாயிருச்சுன்னு நஃபீசா இப்பத்தான் சொன்னா. நீ தங்கம்ப்பா!”

நஃபீசா அவன் மனைவி. நான் ஒரு வார்த்தைதான் கொடுத்தேன், அதற்குள் வீடு முழுக்கக் கொண்டாட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை ஆபீசில் உட்கார்ந்து திட்டம் போட்டேன். நான் நேராக வைதேகியின் புக்கிங்கை நீக்கினால் மாட்டிக்கொள்வேன். ஆனால் ‘பராமரிப்பு, ஏர்கான் பழுது’ என்று போட்டால்? பராமரிப்புக்கு முன்னால் எந்தப் புக்கிங்கும் நிற்காது. தானாகவே நீங்கிவிடும். கொஞ்ச நேரம் கழித்துப் பழுது சரியாகிவிட்டது என்று எடுத்துவிட்டு, காலியான இடத்தில் ரவூப் பெயரைப் போட வேண்டியதுதான். ஏர்கானோடு யார் சண்டை போட முடியும்?

பராமரிப்பு என்ற சொல்லுக்குள்ளேயே ‘மரிப்பு’ ஒளிந்திருப்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அழுத்தினேன். எங்கள் வீட்டுச் சிவப்புப் பட்டை மறைந்தது. சாம்பல் பட்டை வந்தது. நாற்பது அடிப் பெட்டியைக் கப்பலில் இறக்கியபோதுகூட நான் சாமி கும்பிட்டதில்லை. அன்றைக்குக் கும்பிட்டேன். டீ குடித்துவிட்டு வந்து பழுதை எடுத்தேன். கட்டம் வெள்ளையானது. வேகமாக ரவூப் வீட்டு எண்ணைத் தட்டினேன்.

“இந்த வீட்டுக்கு இம்மாத வாய்ப்பு முடிந்துவிட்டது” என்றது கேலண்டர்.

அட, போன வாரம் நபி புகழ் பாடும் மௌலிது ஓத அவன் ரூமை எடுத்திருந்தானே! மாதத்துக்கு ஒரு தடவை விதி. இதை எப்படித் தாண்டுவது என்று நான் யோசிக்கிறேன், என் கண் முன்னாலேயே வெள்ளைக் கட்டம் மறுபடி சிவப்பானது.

காத்திருப்போர் வரிசை! அப்படி ஒன்று இருப்பதையே நான் மறந்துவிட்டேன். கட்டம் காலியானால், வரிசையில் முதலில் நிற்கிறவருக்குத் தானாகப் போய்விடும். முதலில் நின்றது இரண்டாம் மாடி, ஐந்தாம் எண். மிசஸ் லிம்மின் லைன் டான்ஸ் குழு.

யார் புக்கிங்கையும் அட்மின் தூக்கலாம் என்றேன் அல்லவா? ஒருவர் புக்கிங்கைத் தவிர. தலைவியின் புக்கிங்கைத் தொட வேண்டுமானால் தலைவியின் அனுமதி வேண்டும்.

ஆக, ரூம் இப்போது வைதேகிக்கும் இல்லை, ரவூப்புக்கும் இல்லை. சனிக்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு வெள்ளிக்கிழமைதான் பாக்கி. ஆபீஸ் ஏர்கானில் உட்கார்ந்திருந்த எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

சாயந்தரம் வீட்டுக்குள் பூனை மாதிரி நுழைந்தேன். வைதேகி சாம்பார் ஊற்றினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாதபோதுதான் எனக்கு அதிகம் பயம்.

“ஏங்க, கீழ ரூம்ல ஏர்கான் பழுதாம்ல?”

“அப்படியா?”

“எனக்கு மெயில் வந்துச்சு. நான் எடுத்திருந்த ரூம நீக்கிட்டாங்க.”

“அடடா.”

“நீங்கதானே அட்மின்?”

“மேனேஜ்மென்ட் ஆபீஸ்ல போட்டிருப்பாங்க. அவங்களும் போடலாம்.”

“உடனே சரியாயிருச்சாமே. யாரு வந்து செஞ்சா?”

“ஒரு ஆளு வந்தான்.”

“நீங்க ஆபீஸ்ல இருந்தீங்க. ஆளு வந்தது எப்படித் தெரியும்?”

“அட்மினுக்குத் தெரியும்.”

“ம்.” கரண்டியைச் சட்டியில் வைத்தாள். சத்தம் வரவில்லை. அது இன்னும் மோசம். “சரியானதும் ரூம் மிசஸ் லிம்முக்குப் போயிருச்சு. தெரியுமா அட்மினுக்கு?”

“தெரியும். நான் பாத்துக்கறேன்.”

“பாருங்க. என்கிட்ட வேற ஏதாச்சும் சொல்லணுமா?”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது. “சாம்பார்ல உப்பு சரியா இருக்கு” என்று வந்தது.

“சந்தோஷம்” என்றாள். குப்பையைப் போட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போனாள். குப்பை போட அத்தனை நேரமா என்று நான் கேட்கவில்லை. அவள் வீட்டில் இல்லாத ஒவ்வொரு நிமிடமும் எனக்கு லாபம். புக்கிங்கைத் தமிழில் பதிவு என்கிறோம், அதற்குள் ‘பதி’ இருக்கிறது பாருங்கள்! அது ரத்தானால் பதியின் கதி என்ன என்று நினைத்தபடியே பாத்திரம் கழுவினேன்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். காலையில் குளத்துப் பக்கம் போனேன். மிசஸ் லிம் பாட்டுப் போட்டுவிட்டுத் தனியாக ஆடிப் பழகிக்கொண்டிருந்தார். வலது பக்கம் ஒரு எட்டு, இடது பக்கம் ஒரு எட்டு, ஒரு கைதட்டு. அவர் பேசியது ஆங்கிலம். நம் பாஷையில் சொல்கிறேன்.

“மேடம், நாளைக்கு ரூம்…”

“என் பேர்ல இருக்கு லா. உன் கேலண்டர்தானே குடுத்துச்சு?”

“அன்னைக்கு ஒரு கல்யாண விருந்து மேடம். ரவூப் மகளுக்கு.”

“கல்யாணமா? ஏர்கான் கெட்டுப்போச்சுன்னு போட்டியே?”

“அது… சரியாயிருச்சு.”

“அவ்வளவு சீக்கிரமாவா? என் வீட்டு ஏர்கான் ரெண்டு மாசமா சொட்டுது. அந்த ஆளு நம்பரக் குடு.”

“அவன் ஊருக்குப் போயிட்டான் மேடம்.”

“எந்த ஊரு?”

“ஜொகூர்.”

“ஜொகூர்தானே! பாலத்தத் தாண்டினா வந்துரும். சாயந்தரம் வந்துருவான் லா. நான் காத்திருக்கேன்.”

வலது பக்கம் ஒரு எட்டு வைத்தார். நான் இடது பக்கம் நகர்ந்தேன்.

“மேடம், ரூம் விஷயம்?”

“முதல்ல ஏர்கான் ஆளு. அப்புறம் ரூம்.” கைதட்டினார்.

உண்மையைச் சொன்னால் அட்மின் பதவி அந்த இடத்திலேயே போய்விடும். சொல்லாவிட்டால் இல்லாத ஒரு ஏர்கான்காரனை ஜொகூரிலிருந்து அழைத்து வர வேண்டும். நான் மூன்றாவது வழியைப் பிடித்தேன். எம்ஆர்டி ரயிலைப் பிடித்துத் தேக்காவுக்குப் போனேன்.

ரேஸ் கோர்ஸ் ரோட்டில் மாடியில் ஹால் உள்ள சாப்பாட்டுக்கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். ஒன்றில் பெயர் சூட்டு விழா. ஒன்றில் அறுபதாம் கல்யாணம். இன்னொன்றில், “சனிக்கிழமையா? எந்த வருஷம்?” என்று கேட்டார்கள். பிடோக்கில் இரண்டு சமூக மன்றத்துக்கு ஃபோன் போட்டேன். சிரிக்காமல் பதில் சொன்னது ஒருவர்தான். அதற்குள் வானம் இருட்டி மழை பிடித்துக்கொண்டது.

பஃபலோ ரோட்டில் பூக்கடை ஓரம் ஒதுங்கினேன். ஒதுங்கிய இடத்தில் நஃபீசாவும் அனமும்! பை நிறையப் பூ. அனம் கை இரண்டிலும் முழங்கை வரை மருதாணி. குடையைக்கூட நஃபீசாதான் பிடித்திருந்தார்.

“அங்கிள்! நீங்களும் பூ வாங்க வந்தீங்களா?”

“ஆமாம்மா… சும்மா.”

“நம்ம ரூம் சுவர் கிரே கலர்தானே? மேடைக்கு வெள்ளைப் பூ நல்லாருக்கும்ல? டெக்கரேட்டர் அங்கிள் நாளைக்குக் காலைலயே வந்துருவாரு. ஐம் ஸோ ஹேப்பி அங்கிள். குழாய் உடைஞ்சதுன்னதும் நான் எப்படி அழுதேன், தெரியுமா?”

“நீங்க ரெண்டு பேரும் இல்லன்னா எங்க கதி என்ன அண்ணே?” என்றார் நஃபீசா.

எனக்கு வாயில் ஈரம் இல்லை. சுற்றிலும் மழை கொட்டுகிறது. என் காரில் போய்ப் பிறந்த பிள்ளை, மருதாணிக் கையை வைத்துக்கொண்டு சிரிக்கிறது. நாளைக்கு இந்த நேரம் அந்த ரூமில் மிசஸ் லிம் குழு வலது எட்டு வைக்கும். மாப்பிள்ளை வீட்டார் பிரியாணித் தட்டோடு கார் நிறுத்துமிடத்தில் நிற்பார்கள். ரவூப் என்னைத் தேடுவான். நான் எந்தக் கண்டெய்னருக்குள் போய் ஒளிவது?

பதவி போனால் போகட்டும் என்று அப்போதுதான் தோன்றியது. நனைந்துகொண்டே எம்ஆர்டிக்கு ஓடினேன்.

வைதேகி என் நீலச் சட்டையை அயர்ன் செய்துகொண்டிருந்தாள். நான் சொட்டச் சொட்ட முன்னால் போய் நின்றேன்.

“வைதேகி, ஒரு தப்புப் பண்ணிட்டேன்.”

“தலையத் துடைங்க முதல்ல.”

“ஏர்கான் பழுது இல்ல.”

“தெரியும்.”

“ஆளும் வரல.”

“தெரியும்.”

“அதப் போட்டதே…”

“நீங்கதான். மெயிலுக்கு அடியிலயே போட்டிருந்துச்சே, ‘செய்தவர்: அட்மின் துரைசாமி’ன்னு.”

தலை துடைக்க எடுத்த துண்டு என் கையிலிருந்து நழுவியது.

“அப்ப நேத்துச் சாப்பிடும்போதே…?”

“தெரிஞ்சுதான் கேட்டேன். சாம்பார்ல உப்பு சரியா இருக்குன்னீங்க.” சட்டையைத் திருப்பிப் போட்டாள். “எதுக்கு என் புக்கிங்கத் தூக்கினீங்க? அதச் சொல்லுங்க.”

“ரவூப்புக்கு வாக்குக் குடுத்துட்டேன். அனம் விருந்துக்கு. நீ பாட்டுக்கு உங்க அக்கா சேலை விக்கிறதுக்கு ரூம எடுத்து வச்சிருந்தே…”

“எந்தச் சேலை?”

“சரசு சேலை.”

“அக்கா சேலைய எல்லாம் ஃபோன்லயே வித்து முடிச்சாச்சு.”

“அப்ப ரூம் எதுக்கு எடுத்தே?”

வைதேகி அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை.

“அனமுக்குத்தான்.”

வெளியே இடி இடித்தது. எனக்கு அது உள்ளே இடித்த மாதிரி இருந்தது.

“புதன்கிழமை மண்டபத்துல இருந்து ஃபோன் வந்ததும் நஃபீசா நேரா நம்ம வீட்டுக்குத்தான் ஓடி வந்தா. அவங்க வீட்டுக்கு இந்த மாச வாய்ப்பு முடிஞ்சுபோச்சு. அதனால நம்ம பேர்ல நான் போட்டேன். அத நஃபீசா ரவூப் அண்ணன்கிட்ட சொல்லியிருக்கா. அவரு நீங்க வாங்கிக் குடுத்ததா நினைச்சுக்கிட்டாரு. நல்ல பேருதானே, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்.”

“அப்ப நான் தூக்குனது…”

“ரவூப் அண்ணன் ரூமத் தூக்கி, ரவூப் அண்ணனுக்கே குடுக்கறதா நினைச்சு, மிசஸ் லிம்முக்குக் குடுத்துட்டீங்க.”

இதை இவ்வளவு சுருக்கமாக வேறு யாராலும் சொல்லியிருக்க முடியாது. நான் சோபாவில் உட்கார்ந்தேன். ஈரத்தோடு உட்காராதீர்கள் என்றாள். எழுந்தேன்.

“இப்ப என்ன பண்றது வைதேகி? அந்த அம்மா ஏர்கான் ஆளக் கேக்குது!”

“நேத்தே பேசியாச்சு.”

“யாருகிட்ட?”

“மிசஸ் லிம்கிட்டதான். குப்பை போடப் போனேன்ல? அப்படியே ரெண்டாம் மாடிக்குப் போயிக் கதவத் தட்டினேன். கல்யாண விருந்துன்னு சொன்னேன். ‘அய்யோ, முன்னாடியே சொல்லக் கூடாதா, நாங்க ஞாயித்துக்கிழமை ஆடிக்கறோம்’னாங்க. டீயும் குடுத்தாங்க.”

“நேத்தே குடுத்துட்டாங்களா?” எனக்குக் குரல் கீச்சென்று வந்தது. “அப்ப இன்னைக்குக் காலைல எதுக்கு என்னைய ஜொகூர் வரைக்கும் விரட்டினாங்க?”

“நான்தான் சொன்னேன். நீங்களா வந்து உண்மையச் சொல்ற வரைக்கும் பிடி குடுக்காதீங்கன்னு.”

“நான் தேக்காவுல படி ஏறி இறங்குனேனே!”

“நஃபீசா சொன்னா. மழையில நின்னீங்களாமே. பாவமா இருந்துச்சாம்.”

“நஃபீசாவுக்கும் தெரியுமா?”

“ரவூப் அண்ணனத் தவிர எல்லாருக்கும் தெரியும்.”

அவள் ஃபோனை எடுத்தாள். ஏதோ அழுத்தினாள். சனிக்கிழமைக் கட்டத்தில் மிசஸ் லிம் பெயர் போய் எங்கள் வீட்டு எண் வந்தது. தலைவியின் புக்கிங்கை! என்னால் தொடக்கூட முடியாத புக்கிங்கை!

“உனக்கு எப்படி அனுமதி…?”

என் பையில் ஃபோன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். ‘உங்கள் அட்மின் உரிமை நீக்கப்பட்டது. புதிய அட்மின்: வைதேகி துரைசாமி.’

“நான் கேக்கல. அவங்களாத்தான் குடுத்தாங்க” என்றாள். “சும்மாவும் குடுக்கல. லைன் டான்ஸ் குழுவுக்கு முன்வரிசைல உயரமா ஒரு ஆம்பளை வேணுமாம். சமூக மன்றத்துல ஆடப் போறாங்களாம். எங்க வீட்ல ஒரு ஆளு சும்மாதான் இருக்காருன்னு சொல்லிட்டேன்.”

“எனக்கு ஆடத் தெரியாதே!”

“ரெண்டு நாளா நீங்க ஆடுன ஆட்டத்தப் பாத்துட்டுத்தான் கேட்டாங்க.”

சனிக்கிழமை விருந்து அமோகமாக நடந்தது. சாம்பல் சுவரில் வெள்ளைப் பூ பளிச்சென்று இருந்தது. அனம் தலை நிமிராமல் சிரித்துக்கொண்டே இருந்தாள். ஏர்கான் ஜில்லென்று குளிர்ந்தது. உள்ளே வந்த மிசஸ் லிம் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் பிரியாணியைப் பார்த்தேன்.

ரவூப் என் தோளில் கை போட்டு மாப்பிள்ளை வீட்டாரிடம் அழைத்துப் போனான். “இவருதான் துரை. மண்டபம் போச்சுன்னு நான் நடுங்கிட்டு இருந்தப்ப ஒரே ஒரு பட்டன அமுக்குனாரு. வேலை முடிஞ்சுது!”

“ஆமாண்ணே, அமுக்குனாரு” என்றாள் பக்கத்தில் நின்ற வைதேகி. நஃபீசா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். வைதேகி முழுக் கதையையும் சொல்லியிருந்தால்கூட நான் அவ்வளவு கூனியிருக்க மாட்டேன். தட்டை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய் நாற்காலி அடுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். பதவி போன மனுஷன், சாப்பிட்டுவிட்டுச் சும்மா கேலண்டரைத் திறந்து பார்த்தேன். பார்க்க அனுமதி இன்னும் இருந்தது. புக் செய்யக்கூடிய வசதிகள் வரிசையாக வந்தன. ஃபங்ஷன் ரூம். டென்னிஸ் கோர்ட். பார்பிக்யூ மேடை ஒன்று. பார்பிக்யூ மேடை இரண்டு. துரைசாமி.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். துரைசாமிதான். பக்கத்தில் என் போட்டோ, நீலச் சட்டையில். அழுத்தினேன். செவ்வாய் சாயந்தரம், மிசஸ் லிம், ஆட்டம். புதன், நஃபீசா, வாடகை நாற்காலிகளை லாரியில் ஏற்ற. வியாழன், எட்டாம் மாடி, யார் என்றே தெரியாது, சோபா நகர்த்த. வெள்ளி, வைதேகி, காரணம் குறிப்பிடவில்லை. காத்திருப்போர் வரிசையில் இன்னும் ஆறு வீடு.

இந்த ஞாயிறு மதியம் மட்டும் காலியாக வெள்ளையாக இருந்தது. வேறு யாரும் பாய்ந்து எடுப்பதற்குள் என்னை நானே புக் செய்து ஒரு தூக்கம் போட்டுவிடலாம் என்று அவசரமாக அழுத்தினேன்.

“இந்த வசதியைப் புக் செய்ய உங்களுக்கு அனுமதி இல்லை” என்று வந்தது.